சுத்தமான ரத்தம்

ஜனவரி 21

அன்புள்ள ரத்தக்காட்டேரிக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா, இல்லை ஊரார் ரத்தத்தைப் பார்த்தே வயிறு நிறைந்துவிடுகிறதா?

நாத்தனார் என்றால் குற்றம் கண்டுபிடிப்பாள், கோள் மூட்டுவாள் என்றுதான் கல்யாணத்தின்போது என்னைப் பயமுறுத்தினார்கள். ரத்தம் கேட்பாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. போகட்டும், கேட்டாய், கொடுத்துவிட்டோம். நீ எழுதியபடியே காலையில் ஒன்றும் சாப்பிடாமல், முகத்துக்குப் பவுடர்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கைக்கு க்ரீம் தடவிய நர்ஸ் குழாயைத் தொடக்கூடாது என்று உன் சீட்டில் இருந்ததை உன் அண்ணன் சத்தமாகப் படித்துத் தொலைத்துவிட்டார். அந்த நர்சம்மா முகம் சுண்டிப்போய், எங்கள் கண்ணெதிரிலேயே சோப்புப் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்தாள். மிச்சக் கோபத்தை ஊசியில் காட்டினாள். கண்ணாடிக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்பியாயிற்று.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஆலைப்பக்கம் குடியிருப்பவர்கள், மருந்தடிக்கிற தோட்டத்தில் வேலை செய்பவர்கள், இவர்கள் ரத்தத்தில்தானே நீ விஷம் தேடுகிறாய்? எங்களிடம் என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்டேன். உன் அண்ணன் விளக்கினார். "தராசுல ஒரு பக்கம் படிக்கல் வேணுமில்ல? நாமதான் அது. இங்க ஆலை கிடையாது, புகை கிடையாது. நம்ம ரத்தம் சுத்தம்னு அவளுக்குத் தெரியும்." அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டே திரிந்தார். டிரான்ஸ்பார்மர் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லியும் வந்துவிட்டார்.

வயிற்றில் இருப்பவள் (அவள்தான், எனக்குத் தெரியும்) உதைக்கிற உதையில் இடுப்பு கழன்றுபோகிறது. உன் அண்ணன்தான் தினமும் பட்டறை எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார். இந்த வயதில் முகமெல்லாம் பரு வேறு, காதுக்குப் பின்னால்கூட. பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருக்கிறாய் என்று கேலி. உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

இப்படிக்கு,
ரத்தம் கொடுத்த அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் நலமும் அண்ணன் நலமும் உதைக்கிறவள் நலமும் அறிய ஆசை. இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

பதில் தாமதமாகிவிட்டது. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். உங்கள் இருவர் ரத்தத்தையும் ஓட்டிச் சோதித்தபோது எங்கள் இயந்திரம் கோளாறு செய்தது. ஒவ்வொரு விஷப்பொருளுக்கும் அது காகிதத்தில் ஒரு மேடு வரையும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு உயரம். படிக்கல் ரத்தம் என்றால் கோடு ஏறக்குறையத் தட்டையாக வர வேண்டும். அப்படி வரவில்லை. குழாய் சரியாகக் கழுவப்படவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி கழுவினேன். வெறும் குழாயை ஓட்டினேன், தட்டை. மறுபடி உங்களுடையதை ஓட்டினேன். எங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "படிக்கல்லே இப்படி இருந்தா எதை வச்சு நிறுக்கறது?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

எங்கேயோ தவறு நடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கச் சில கேள்விகள். ஆற்று மீன், குளத்து மீன் சாப்பிடுகிறீர்களா? வீட்டுக்குச் சமீபத்தில் பெயின்ட் அடித்தீர்களா? பூச்சி மருந்து? பக்கத்தில் யாராவது பழைய ஒயர், பிளாஸ்டிக் கொளுத்துகிறார்களா? சில்லறை விஷயம் என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. இயந்திரத்துக்குத்தான் காய்ச்சல், உங்களுக்கில்லை.

அன்புடன்,
காட்டேரி


மார்ச் 25

அன்புள்ள அத்தைக்காரிக்கு,

ஆமாம், இனிமேல் உனக்கு அதுதான் பட்டம். பெண். நான் சொன்னேனா இல்லையா? நானும் சுகம், அவளும் சுகம். உன் அண்ணன்தான் பிரசவித்தவர்போலக் களைத்துக் கிடக்கிறார். எவ்வளவு வருஷம் காத்திருந்தோம் என்பது உனக்குத் தெரியும். இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சின்னதாக இருக்கிறாள். அதனால் சுண்டெலி என்று கூப்பிடுகிறோம். நகம் மட்டும் காப்பித்தூள் நிறத்தில் இருக்கிறது. போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். மூக்கு சாட்சாத் உன் மூக்கு. அதற்கும் காலம்தான் மருந்து.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். மீன் எங்களுக்கு எட்டாத பொருள். பெயின்ட் அடித்து மாமாங்கம் ஆயிற்று. யாரும் எதையும் கொளுத்துவதில்லை. பூச்சி மருந்தும் கிடையாது. போன வருஷம் கதவு நிலையைக் கரையான் அரித்தது. அதற்கும் பட்டறை எண்ணெயையே அடித்தோம், ஓடியே போய்விட்டது. அந்த எண்ணெய்க்கு நிகர் கிடையாது. பழைய டிரான்ஸ்பார்மரைப் பிரிக்கும்போது உள்ளே இருப்பதை வடித்துக் கேனில் கொண்டுவருவார். தீக்குச்சி கிழித்துப் போட்டாலும் பற்றாதாம். முழங்கால் வலி, முதுகு வலி என்று தெருவே சின்னச் சின்னப் பாட்டிலோடு வந்து நிற்கும். உன் அண்ணன் ஒருவருக்கும் இல்லையென்று சொல்வதில்லை. நான் மாசமாக இருந்தபோது அது இல்லாவிட்டால் எழுந்து நடந்திருக்கவே மாட்டேன்.

சரி, இதெல்லாம் உனக்கு எதற்கு? நீ கேட்டது விஷத்தைப் பற்றி. இது மருந்து.

எப்போது வந்து பார்க்கப்போகிறாய்?

இப்படிக்கு,
சுண்டெலியின் அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

சுண்டெலிக்கு ஆயிரம் முத்தம். நீங்கள் இருவரும் சுகம் என்று படித்து நிம்மதியானேன். நான் நலம்தான்.

இதை அண்ணனுக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அந்த எண்ணெயை இன்றிலிருந்து யாரும் தொடக்கூடாது. தடவக்கூடாது, அடுப்பில் போடக்கூடாது, சாக்கடையில் கொட்டவும் கூடாது. கேன்களை இறுக மூடிப் பட்டறையிலேயே கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். பட்டறைச் சட்டையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். தெருவில் யாருக்கும் இனி ஒரு சொட்டுக் கொடுக்க வேண்டாம். வாங்கிப்போனவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எனக்கு அனுப்புங்கள். சோதித்துப் பார்த்துவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

குழந்தைக்கு அதைத் தடவினீர்களா? இதற்கு மட்டும் உடனே பதில் போடுங்கள்.

உங்கள்,
நாத்தனார்


ஏப்ரல் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? உன் கடிதத்தில் ஒரு கேலிகூட இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

உன் அண்ணன், "படிச்சவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம்" என்று முணுமுணுத்தார். ஆனால் செய்துவிட்டார். கேன்கள் போய்விட்டன. தெருவில்தான் எங்கள் பேர் கெட்டுவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் காலை இழுத்து இழுத்து வந்து நின்றார். இது ஆகாதாம், என் தங்கச்சி சொல்லிவிட்டாள் என்றார் உன் அண்ணன். அவர் நம்பவே இல்லை. புள்ளை பிறந்ததும் கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று தெருமுனை வரை பேச்சு. உதவி செய்தே பேர் வாங்கிய மனிதர், இப்போது தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போகிறார். பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறோம்.

சுண்டெலிக்கு ஒரு சொட்டுகூடத் தடவவில்லை. சத்தியமாக. நல்லவேளை, எனக்கே அந்த வாசனை அவளுக்கு ஆகாதோ என்று தோன்றியது. அவளுக்கு வெளியிலிருந்து எதுவுமே கிடையாது, பால் மட்டும்தான். அதைக் குடிக்கிற ஆவேசத்தைப் பார்க்க வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு, யாரோ பிடுங்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்கிற மாதிரி குடிப்பாள்.

எங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது? இயந்திரத்துக்குக் காய்ச்சல் என்று எழுதினாயே, அது தேறிவிட்டதா?

அன்புடன்,
அண்ணி


ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? சுண்டெலி இப்போது முகம் பார்த்துச் சிரிப்பாள். நான் நலம்.

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு வேலை என்று காரணம் சொல்லப்போவதில்லை. எழுதுவேன், கிழிப்பேன். எங்கள் ஆய்வுத் திட்டத்தில் யாருக்கும் அவரவர் அளவைச் சொல்லக்கூடாது என்று விதி. எத்தனையோ ஊர்களிலிருந்து ரத்தம் வருகிறது, எல்லாவற்றுக்கும் எண்தான், பேர் கிடையாது. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை. பாட்டிலில் இருந்ததும் உங்கள் ரத்தத்தில் இருந்ததும் ஒன்றேதான். அண்ணனுக்கு உங்களைவிடவும் அதிகம். தீப்பிடிக்காது, கெட்டுப்போகாது என்பதற்காகவே அதை ஆலைகளில் தயாரித்து டிரான்ஸ்பார்மரில் ஊற்றினார்கள். உடம்புக்குள் போனாலும் அது கெட்டுப்போவதில்லை. கொழுப்பில் போய்த் தங்கிவிடுகிறது. சிறுநீரில் போகாது, வியர்வையில் போகாது. வருஷக்கணக்கில் இருக்கும். எடுக்க மருந்து கிடையாது. புதிதாகச் சேராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி, அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். உங்கள் முகப்பருவும் இதனால்தான். அது மெதுவாக ஆறும்.

அக்டோபரில் இருவரும் இன்னொரு தடவை ரத்தம் கொடுங்கள். பெட்டி அனுப்புகிறேன்.

சுண்டெலிக்கு நாலு மாதம் ஆகிறதே. கஞ்சி, மசித்த பழம் ஏதாவது சீக்கிரமே ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். சும்மா, தோன்றியது.

உங்கள்,
நாத்தனார்


ஆகஸ்ட் 10

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. கிழித்துப் போட்ட கடிதங்களை அனுப்பியிருந்தால் அதையாவது படித்திருப்பேன்.

உன் கடிதத்தை உன் அண்ணன் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொழுப்பில் தங்கும் என்கிறாளே, உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று நான் எப்போதோ சொன்னேனே என்றேன். சிரிக்கவில்லை. "உன் இடுப்புல தடவினது நான்தானே" என்றார். வலிக்குத்தானே தடவினார்.

கஞ்சி விஷயம் டாக்டரிடம் கேட்டு, உன்னால் நான் திட்டு வாங்கினேன். "தாய்ப்பாலுக்கு மேல என்னம்மா இருக்கு? இந்தப் பிள்ளைக்கு இன்னும் நல்லாவே குடு" என்று அனுப்பிவிட்டார். அவள் எடை ஏறவில்லை என்பதில் அவருக்குக் குறை. கழுத்தும் இப்போதுதான் நிற்கிறது. என் சுண்டெலி நிதானக்காரி. பால் ஊற வேண்டும் என்று நான் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறேன். நீ ஒன்று பெற்றுப் பார், அப்புறம் எனக்குக் கஞ்சிப் பாடம் எடுக்கலாம். கோபித்துக்கொள்ளாதே, சும்மா சொன்னேன்.

ஒன்று கேட்கிறேன். அவள் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க நான் இருப்பேனா? கையில் வைத்துக்கொண்டு இருக்கும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது. பெட்டி வந்ததும் ரத்தம் கொடுக்கிறோம். அடுத்த கடிதத்திலாவது ஒரு நல்ல செய்தி சொல்லேன். சின்னதாக இருந்தாலும் போதும்.

அன்புடன்,
அண்ணி


நவம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

மூவரும் நலம்தானே? எனக்குச் சளி, வேறொன்றுமில்லை.

நல்ல செய்தி கேட்டிருந்தீர்கள். அக்டோபர் ரத்தத்தை ஓட்டிவிட்டேன். உங்களுக்கு நன்றாகவே குறைந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. இவ்வளவு சீக்கிரம் குறைவது அபூர்வம். நீங்கள் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீர்கள், கல்யாணமும் செய்துவைப்பீர்கள். உங்களைப் பற்றி இனிப் பயப்பட வேண்டாம். வாழ்த்துகள், அண்ணி.

அண்ணனுக்கு அப்படியேதான் இருக்கிறது.

வேலை நிறைய. பிறகு எழுதுகிறேன்.

உங்கள்,
நாத்தனார்


நவம்பர் 19

என் அன்புள்ள காட்டேரிக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். நாங்கள் சுகம், சுகம், சுகம். உன் சளிக்கு வெந்நீர் குடி.

உன் கடிதத்தை அண்ணனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். 'வாழ்த்துகள், அண்ணி' என்ற இடத்தை மூன்று தடவை. ஏப்ரலுக்கப்புறம் இந்த வீட்டில் அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்தோம். "நீ ஜெயிச்சுட்டே" என்றார். தனக்குக் குறையாதது பற்றி அவருக்கு வருத்தமே இல்லை, என்னுடையது குறைந்ததே போதும் என்கிறார். எனக்குப் போதாது. அவரும் இருக்க வேண்டும்.

அதனால் கேட்கிறேன். எனக்கு எதனால் குறைந்தது? நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கீரை நிறையச் சாப்பிட்டேன். மதியம் கொஞ்சம் தூங்கினேன். தண்ணீர் அதிகம் குடித்தேன். இதில் எது என்று சொல், அவருக்கும் அதையே செய்கிறேன். செய்யமாட்டேன் என்றால் கையைக் காலைக் கட்டிச் செய்கிறேன்.

சுண்டெலி இன்னும் உட்காரவில்லை, தலையணைக்கு நடுவில் சாய்த்து வைத்தால் பார்க்கிறாள். பால் மட்டும் அதே ஆவேசம். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன், சீக்கிரம் எழுது.

உன்,
ஜெயித்த அண்ணி


ஜனவரி 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சுகமா?

தபால்காரர் எங்கள் வாசலில் நிற்காமல் போவதற்குப் பழகிவிட்டார். உனக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று உன் அண்ணன் பயந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ பேசாமல் இருக்கும்போதெல்லாம் உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு வருஷத்தில் அதைக் கற்றுக்கொண்டேன்.

பதில் வராததால் நானே யோசித்தேன். நானும் அவரும் ஒரே சோறு சாப்பிடுகிறோம், ஒரே தண்ணீர் குடிக்கிறோம். எண்ணெயை ஒரே நாளில் விட்டோம், பட்டறையில்கூட அவர் இப்போது அதைத் தொடுவதில்லை. கீரையும் அவர் தட்டில் விழுந்த கீரைதான். அது தானாகப் போகாது, சிறுநீரில் போகாது, வியர்வையில் போகாது என்று நீதான் எழுதினாய். அவருக்கு எள்ளளவும் குறையவில்லை. எனக்குக் குறைந்தது. டப்பாவில் இருப்பது குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

கொழுப்பில் தங்கும் என்றும் எழுதியிருந்தாய். நேற்று அவள் குடித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் வழிந்ததைத் துடைத்தேன். என் விரல் பிசுபிசு என்று ஆயிற்று. பாலில் கொழுப்பு இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவர் செய்ய முடியாதது, நான் மட்டும் செய்தது, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

இல்லை என்று எழுது. பக்கம் பக்கமாக வேண்டாம், 'இல்லை அண்ணி' என்று ஒரு வரி போதும். உன் அண்ணனிடம் நான் இதை இன்னும் பேசவில்லை.

அண்ணி


ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

இல்லை என்று எழுத முடியவில்லை.

பாலில்தான் போயிற்று. அது உடம்பை விட்டு வெளியேற வேறு நல்ல வழி கிடையாது. முதல் பிள்ளைக்குத்தான் அதிகம் போகும். வயிற்றில் இருந்தபோதே அவளுக்குக் கொஞ்சம் போயிருக்கும், அந்த நகங்களின் நிறம் அதனால் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் அதை எழுதிய அன்றே நினைத்தேன்.

ஏப்ரலில் எங்கள் டாக்டரம்மாவிடம் போய், உங்களுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சொல்லி என்ன குடுக்கப்போற? கையில மருந்து இருக்கா?" என்றார். எங்கள் புத்தகங்களில் தாய்ப்பால் கொடுப்பதே மேல் என்றுதான் இருக்கிறது, அதில் பொய் இல்லை. ஆனால் அது எல்லோர் ரத்தத்திலும் இருக்கிற துளியை வைத்து எழுதியது. உங்கள் அளவுக்கு அந்தப் புத்தகத்தில் வரியே இல்லை. கொடுக்கலாம் என்றோ கூடாது என்றோ சொல்ல எனக்குத் தெரிந்த யாருக்கும் தைரியம் இல்லை. அவள் உட்காராததும் எடை ஏறாததும் இதனாலா, இல்லை நிதானக்காரி என்பதாலா என்றால் அதற்கும் விடை இல்லை. நான் நாளெல்லாம் அளக்கிறேன், அண்ணி. அளப்பதற்கு மேல் எங்களால் ஒன்றும் முடியாது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அளந்து அளந்து எழுதிவைத்திருக்கிறேன், ஒருவர் ரத்தத்திலிருந்தும் ஒரு துளி எடுத்ததில்லை.

கஞ்சி என்று சுற்றிவளைத்தது அதனால்தான். நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு குடிப்பதை எழுதியிருந்தீர்களே, அதற்கப்புறம் எப்படிச் சொல்வேன்? நவம்பரில் நல்ல செய்தி கேட்டீர்கள். பாதியைச் சொன்னேன். உங்களைப் பொறுத்தவரை அது நல்ல செய்திதான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அவளுக்குப் பத்து மாதம் ஆகிறது. இனிக் கஞ்சியும் பழமும் போதும் என்றால் எந்த டாக்டரும் தடுக்க மாட்டார். அவள் ரத்தத்தை வேண்டுமானால் நான் பார்க்கிறேன். நான் அங்கே வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், அன்றைக்கே கிளம்புகிறேன். அண்ணனிடம் நானே சொல்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள்,
நாத்தனார்


பிப்ரவரி 3

பாலை நிறுத்திவிட்டேன்.

வர வேண்டாம். வந்தால் உன்னைப் பார்த்து ஏதாவது பேசிவிடுவேன், பேசியதை அள்ள முடியாது. அவரிடம் நானே சொல்லிவிட்டேன். பட்டறைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கிறார், குழந்தையைத் தூக்கக் கொடுத்தால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். நான் வலி என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவர் தடவியிருக்க மாட்டார்.

அவளுக்குக் கஞ்சி பிடிக்கவில்லை. துப்பிவிடுகிறாள். அவளைத் தூக்கினால் முகத்தை என் மேல் வைத்துத் தேடுகிறாள், முட்டுகிறாள். அதனால் நான் தூக்குவதில்லை. தையல்காரரின் மனைவி வந்து தூக்கி வைத்துக்கொள்கிறாள். நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறேன். குழந்தை அழுதால் எனக்கு இங்கே சுரக்கிறது. பிழிந்துவிட்டு, அதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏப்ரலில் நீ சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், உன்னைத் திட்டியிருப்பேன். அவ்வளவுதானே? அதற்குப் பயந்தாயா? நான் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டு அவளுக்குக் கொடுத்தேன். போதவில்லையோ என்று எழுப்பி எழுப்பிக் கொடுத்தேன். நீ அதைப் படித்துக்கொண்டிருந்தாய்.

குழந்தையின் ரத்தத்தைக் கேட்காதே. எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டாம். என்னிடம் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு. அதுதான் கணக்கு, அதற்கு உன் இயந்திரம் வேண்டாம்.

ஒன்றே ஒன்று சொல். பால் வற்றிவிட்டால், அதற்கப்புறம் எனக்குக் குறையாதில்லையா? அவருக்கு இருப்பதுபோல அப்படியே நின்றுவிடும் இல்லையா?

நிற்கட்டும். மிச்சம் இருப்பதாவது என்னிடமே இருக்கட்டும்.

அண்ணி